ஆய்வில் சேரலாமா என்று மருத்துவர் கேட்கிறார்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

குடியாத்தம் நெசவாளர் மகன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை அறுபதைக் கடந்தவர். குழித்தறியில் லுங்கி நெய்பவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலது கால் பெருவிரலுக்குக் கீழே, தறியின் மிதி அழுந்தும் இடத்தில் உண்டான புண் ஆறவே இல்லை என்பதால், வேலூரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்று கட்டு மாற்றி வருகிறோம். அங்குள்ள மருத்துவர், புண்ணை ஆற்றும் புதிய களிம்பு ஒன்றைப் பற்றிய ஆய்வு நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்று கூறி, பல பக்கங்கள் கொண்ட தமிழ்த் தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

படித்துப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு, மீதிப் பேருக்கு மருந்து கலக்காத களிம்பு. யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும். கட்டுப் போடுபவருக்கும் மருத்துவருக்கும்கூட அது தெரியாது என்று இருக்கிறது. என் தாயார் இதைக் கேட்டதும் கலங்கிவிட்டார். எலிக்குக் கொடுப்பதை மனிதருக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார் சித்தப்பா. மருந்தும் கட்டும் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் தயங்குகிறீர்கள் என்கிறார் அத்தை. அப்பாவோ, "இத்தனை நாள் பார்த்த டாக்டர், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாரே" என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காட்பாடி செவிலியர் (ஓய்வு)

தம்பி, உங்கள் தந்தை சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆய்வுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மருத்துவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகப் போடப்படும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. சேர மறுத்தாலும், சேர்ந்த பிறகு நடுவில் விலகினாலும், இப்போது பெற்றுவரும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பது விதி. உங்கள் கையில் இருக்கும் தகவல் தாளிலும் அந்த வரி இருக்க வேண்டும். அதைத் தேடிப் பிடித்து அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்ததாக, ஆய்வு எதற்கு என்ற கேள்வி. அந்தக் களிம்பு புண்ணை ஆற்றும் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. ஆற்றாது என்று தெரிந்திருந்தால் ஆய்வு நடத்துவது தவறு. ஆற்றலாம் என்று நினைக்க ஓரளவு காரணம் இருக்கிறது, ஆனால் உறுதியில்லை என்ற நிலையில்தான் ஒரு மருந்தை மனிதர்களிடம் ஆராய்கிறார்கள். எனவே "சேர்ந்தால் சீக்கிரம் குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால், அவர் மருத்துவராகவே இருந்தாலும், அது அளவுக்கு மீறிய பேச்சு.

எல்லோருக்கும் மருந்தையே கொடுத்துப் பார்க்கலாமே என்று உங்கள் தாயாருக்குத் தோன்றியிருக்கும். என்னிடம் வந்த தாய்மார்கள் எல்லோருமே அதைத்தான் கேட்டார்கள். சர்க்கரைப் புண் சிலருக்குத் தானாகவே ஆறும். சிலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் ஆறும். வாரந்தோறும் ஒழுங்காகச் சுத்தம் செய்து கட்டுப் போட்டதாலும், காலை ஊன்றாமல் ஓய்வு கொடுத்ததாலும்கூட ஆறும். எல்லோருக்கும் களிம்பைக் கொடுத்துவிட்டால், ஆறிய புண்களில் எத்தனை களிம்பால் ஆறின, எத்தனை மற்றவற்றால் ஆறின என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே கவனிப்பைப் பெறும் இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு மட்டும் மருந்து சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

யாருக்கு எது என்பதை மருத்துவர் தீர்மானித்தால் என்ன ஆகும்? நல்லெண்ணத்தோடுதான் செய்வார், ஆனால் புண் மோசமாக இருப்பவரைப் பார்த்து இரக்கப்பட்டு அவருக்கே மருந்தைக் கொடுப்பார், அல்லது ஒழுங்காக வரக்கூடியவர் என்று நம்புகிறவருக்குக் கொடுப்பார். இரண்டு குழுக்களும் அங்கேயே சமமில்லாமல் போய்விடும். அதனால்தான் கணினி வழியாகச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரிக்கிறார்கள். மருத்துவருக்கே தெரியாமல் வைப்பதற்கும் காரணம் உண்டு. புண்ணின் நீள அகலத்தை அளப்பவருக்கு, இவர் மருந்து பெறுபவர் என்று தெரிந்திருந்தால், ஒரு மில்லிமீட்டரைக் குறைத்து எழுத அவர் கை அறியாமலேயே துணியும். ஆபத்து நேர்ந்தால், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்ற குறியீட்டை உடனே பிரித்துப் பார்க்க ஏற்பாடு இருக்கும்.

மருந்து கலக்காத களிம்பு பெறுபவர் சிகிச்சையே இல்லாமல் விடப்படுகிறார் என்று எண்ண வேண்டாம். புண்ணைச் சுத்தம் செய்வது, இறந்த தோலை நீக்குவது, காலில் பாரம் விழாதபடி செருப்பு, சர்க்கரைக்கான மருந்து ஆகிய வழக்கமான சிகிச்சை முழுவதும் இரு குழுவினருக்கும் உண்டா என்பதைத் தாளில் பாருங்கள். அது தெளிவாக எழுதப்படவில்லை என்றால் நான் கையெழுத்திட மாட்டேன்.

ராணிப்பேட்டை வாசகர்

செவிலியர் அம்மா சொன்னதற்கு எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு கொரோனா காலத்துப் பிளாஸ்மா. குணமானவரின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஏற்றினால் பிழைத்துக்கொள்வார் என்று நம்பி நம் ஊர் வாட்சப் குழுக்களில் இரவும் பகலும் கெஞ்சிக்கொண்டிருந்தோம். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தது. பிளாஸ்மா பெற்றவர்களிடம் நோய் முற்றுவதும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. அப்படியிருந்தும் 2021 மே மாதம்தான் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது. பிளாஸ்மா பெற்றுக் குணமானவர்களை மட்டுமே பார்த்திருந்தால் இன்றும் அதை அருமருந்து என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

நல்ல முடிவுக்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியம் என்னும் தனிக் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் குணமாவார் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். இட நெருக்கடியும் குறைந்த உணவும் உள்ள ஏழை வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுதான் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அன்று அந்த நோயாளிகள் சம்மதிக்காமல் இருந்திருந்தால் நம் தாத்தா பாட்டிகள் பலருக்குப் படுக்கையே கிடைத்திருக்காது.

ஆம்பூர் ஆசிரியர்

இரண்டு பதிவுகளும் நன்று. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். ஏற்கெனவே உரிமம் பெற்ற தடுப்பூசி என்பதால் அதைச் செயல்விளக்கத் திட்டம் என்றே அழைத்தார்கள். சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள் என்பது வெளிவந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் பக்கத்தில் தோல் தொழிற்சாலையிலும் பீடி சுற்றியும் பிழைக்கிறவர்கள் மருத்துவர் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறார்கள். அவர்களிடம் பல பக்கத் தாளைக் கொடுத்து, "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்வது, வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கும்போது, எந்த அளவுக்குச் சுதந்திரமான ஒப்புதல்? விதி புத்தகத்தில் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். அது வெளிநோயாளிப் பிரிவு வரை வந்து சேர்கிறதா என்பதே என் கேள்வி.

வாலாஜா வழக்கறிஞர்

ஆசிரியர் ஐயாவின் கேள்வி மிகவும் சரியானது. எத்திக்ஸ் கமிட்டி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் நெறிமுறைக் குழு ஒன்றில் சட்டம் அறிந்த உறுப்பினராக இருந்திருக்கிறேன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019-இன்படி, இக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்க முடியாது. குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாளாகவே இருக்க வேண்டும். மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் ஒரு பெண்ணும் ஒரு சட்ட அறிஞரும் கட்டாயம். என் அனுபவத்தில் குழுவின் மிகப் பயனுள்ள உறுப்பினர் அந்தச் சாதாரண மனிதர்தான். ஒருமுறை ஒரு தமிழ்த் தகவல் தாளில் "பாதகமான நிகழ்வுகள் ஏற்படக்கூடும்" என்று மட்டும் இருந்தது. எங்கள் குழுவில் இருந்த, ஓய்வுபெற்ற தபால்காரர், "என்ன நிகழ்வு என்று எழுதுங்கள், வாந்தி வருமா, மயக்கம் வருமா, கை கால் வீங்குமா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் முழுவதும் திருப்பி எழுதப்பட்டு மறு கூட்டத்துக்கு வந்தது.

இப்போது குடியாத்தம் நண்பருக்கு. படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடன் இருந்து கையெழுத்திட வேண்டும். மருந்து முற்றிலும் புதிய வேதிப்பொருளாக இருந்து, சேர்பவர் எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலையில் உள்ளவர் என்றால், விளக்கம் சொல்வதும் அவர் புரிந்துகொண்டு சம்மதிப்பதும் ஒளி, ஒலியோடு பதிவு செய்யப்பட வேண்டும். கையெழுத்தான படிவத்தின் ஒரு நகலைத் தகவல் தாளோடு சேர்த்து உங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நகல் கொடுக்கவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். மருத்துவரின் தொலைபேசி எண் மட்டும் போதாது. நெறிமுறைக் குழுவின் எண்ணும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் மருத்துவரைப் பற்றியே முறையிட வேண்டிவந்தால் அழைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆய்வில் சேர்ந்தவருக்கு உடல்நலக் கேடு நேர்ந்தால், அது ஆய்வால் நேரவில்லை என்று நிறுவப்படும் வரையோ அல்லது தேவைப்படும் வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வால்தான் என்று முடிவானால், ஆய்வை நடத்தும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். மரணத்துக்கான இழப்பீடு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. கடுமையான கேடு எதுவாயினும் ஆய்வு மருத்துவர் அதை அறிந்த 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நிறுவனத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கஸ்பா தாய்

எல்லோரும் விதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். என் மகன் 2011-இல் பிறந்தவன். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான இந்தியத் தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். அவர்களில் அவனும் ஒருவன். வாயில் விடும் சொட்டு மருந்து. மூன்று குழந்தைகளில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாத சொட்டு என்று சொன்னார்கள். களப்பணி செய்யும் பெண் வாரந்தோறும் வீட்டுக்கு வருவார். நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து, குழந்தைக்கு எத்தனை முறை போனது, வாந்தி உண்டா, வயிறு உப்பியதா, மலத்தில் இரத்தம் கண்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வார். இரத்தத்தைப் பற்றி ஏன் ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்வது என்ற கோளாறு உண்டு. வேறு ஒரு ரோட்டா மருந்து அதனால் அமெரிக்காவில் 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் கேட்கிறோம் என்று மறைக்காமல் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

சொல்ல வேண்டிய சிரமமும் உண்டு. மாமியாருக்கு ஒவ்வொரு வருகையும் பிடிக்கவில்லை. ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குழந்தையின் மலத்தை டப்பாவில் எடுத்து வைக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இது எளிதல்ல என்பதைச் சேருவதற்கு முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை வாசகர்

அம்மா குறிப்பிட்ட ஆய்வுக்கு முன்கதை ஒன்று உண்டு. வேலூரில் ராம்நாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளைச் சி.எம்.சி. எனப்படும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கவனித்து எழுதியதோடு சரி. ஒருமுறை ரோட்டா தொற்று வந்தால் மறுமுறை வராமல் காக்கும் என்று மெக்சிகோவில் கண்ட அளவுக்கு இங்கே பாதுகாப்பு இல்லை என்பது அதில் தெரிந்தது. வேறு நாட்டில் வென்ற மருந்தை நம் குழந்தைகளிடமும் பார்க்காமல் ஏற்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பின்னர் வந்த தடுப்பு மருந்தோ, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்தது. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேரத் தொடங்கியது.

ஆம்பூர் ஆசிரியர்

அந்தத் தடுப்பு மருந்து ஆய்வில் வேலூர் மையத்தின் விவரங்களைத் தனியாக வெளியிட வேண்டும் என்று கோரி நீதிமன்றம் வரை சென்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து நல்லதாக இருந்தாலும், பங்கேற்றவர்களின் விவரம் பொதுமக்களுக்குச் சேர வேண்டியது என்ற கோரிக்கை நியாயமானது என்றே கருதுகிறேன். கஸ்பா சகோதரியின் திண்ணையில் நடந்த உரையாடல் போல எல்லா இடங்களிலும் நடந்தால் எனக்கு எதிர்ப்பே இல்லை.

குடியாத்தம் நெசவாளர் மகன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு தகவல் தாளை அப்பாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். விலகலாம் என்ற வரி இருக்கிறது. இரு குழுவினருக்கும் வழக்கமான கட்டு உண்டு என்றும் இருக்கிறது. அப்பா இரண்டு கேள்விகள் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று: இந்தக் களிம்பை இதற்கு முன் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார்கள்? மற்றொன்று: ஆய்வில் புண் நன்றாக ஆறிவந்து, நடுவில் ஆய்வு முடிந்துவிட்டால், அதற்குப் பிறகும் களிம்பைத் தருவார்களா?

காட்பாடி செவிலியர் (ஓய்வு)

உங்கள் தந்தை மிகச் சரியான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு, இது எத்தனையாவது கட்டம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் கட்டத்தில் மிகச் சிலரிடம் பாதுகாப்பை மட்டுமே முதன்மையாகப் பார்ப்பார்கள். இரத்தம் எளிதில் உறையாத கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோய்க்குச் சி.எம்.சி.யில் நடந்து 2024-இல் வெளியான மரபணு சிகிச்சை ஆய்வில் பங்கேற்றவர்கள் 5 பேர். இரண்டாம் கட்டத்தில் சில பத்துப் பேர் முதல் சில நூறு பேர் வரை சேர்ப்பார்கள். மருந்தை எந்த அளவில் கொடுத்தால் பலன் தருகிறது என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ சேர்த்து, இருக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். விற்பனைக்கு வந்த பின்னும் கண்காணிப்பது நான்காம் கட்டம். முதல் கட்டத்துக்கு அழைக்கிறார்களா, மூன்றாம் கட்டத்துக்கா என்பதைப் பொறுத்து நான் சொல்லும் பதிலே மாறும்.

வாலாஜா வழக்கறிஞர்

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஆய்வுக்குப் பிறகும் மருந்தை இலவசமாகத் தருவதற்கு 2019 விதிகளில் இடம் உண்டு. ஆனால் ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஏற்க வேண்டும்; அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாத நிலையும் இருக்க வேண்டும். சர்க்கரைப் புண்ணுக்கு வேறு சிகிச்சைகள் இருப்பதால் உங்கள் தந்தைக்கு அது கிடைக்காமல் போக வாய்ப்பு மிகுதி. இதையும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாளின் முதல் பக்கத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ ஆய்வுகளுக்காக 2007-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு அது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். அந்த இணையதளத்தில் எண்ணை இட்டால் எத்தனையாவது கட்டம், யார் பணம் தருகிறார்கள், எந்தெந்த ஊர்களில் நடக்கிறது, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது என்பதையெல்லாம் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

குடியாத்தம் நெசவாளர் மகன்

பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தேன், மூன்றாம் கட்டம். இன்று மருத்துவரைச் சந்தித்தோம். ஆய்வு முடிந்தபின் களிம்பு கிடைக்காது என்று மருத்துவர் நேராகவே சொன்னார். அதைக் கேட்ட பிறகும் அப்பா சேர விரும்பியதால், நான் அருகில் இருக்கக் கையெழுத்திட்டார். நகல் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அதன்பின் எடுத்த எக்ஸ்ரேயில் விரல் எலும்புக்கும் கிருமி பரவியிருப்பது தெரிந்தது. எலும்பில் தொற்று உள்ளவர்களைச் சேர்க்க அனுமதியில்லை என்று கூறி, அப்பாவை ஆய்வில் சேர்க்கவில்லை. அதற்கான ஆன்டிபயாட்டிக் சிகிச்சையை இன்றே தொடங்கிவிட்டார்கள். தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்களோ என்று அப்பாவுக்குச் சற்று மனக்குறை.

காட்பாடி செவிலியர் (ஓய்வு)

அதற்கு மனம் வருந்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் நோயாளியின் பாதுகாப்புக்காகவே எழுதப்படுகிறது. எலும்பில் தொற்று இருக்கும்போது மேலே களிம்பு தடவுவதால் பயனில்லை, அந்தத் தொற்றைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். எக்ஸ்ரே அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாட்டிக்கை எத்தனை வாரம் சொன்னார்களோ அத்தனை வாரமும் ஒருவேளைகூட விடாமல் கொடுங்கள். அதுவரை அவர் தறியின் மிதியில் வலது காலை வைக்கக் கூடாது. காய்ச்சலோ, காலில் சிவப்பு மேலேறுவதோ, புண்ணில் வாடையோ தெரிந்தால், அடுத்த கட்டு நாளுக்காகக் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.